ஏறினானா, இறங்கினானா

— டயர்ல பட்டன் ஆழமா இருந்தாப் போதும்க்கா. மிச்சத்தைப் பேசிப் பேசி நேரத்தைக் கடத்தாதீங்க.

— பொறு. ஆழத்தை மட்டும் பாத்து டயர் எடுக்கிறவன் பாதி வழியில வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் வருவான். போன வாரம்தானே புதுசு போட்டுவிட்டேன்? அதை இந்தக் கதியில கொண்டாந்து நிறுத்தியிருக்க. சைடைப் பாரு, என் கட்டைவிரல் உள்ள போகுது. எங்க போய்க் கிழிச்ச?

— பாறையில உரசிடுச்சு.

— காத்து எவ்வளவு வெச்சிருந்த?

— பன்னெண்டு பவுண்டு.

— பன்னெண்டு பவுண்டுல பாறை மேல விட்டியா? பெரியவனே, நீ மொபெட் ஓட்டின காலத்துல இருந்து உனக்குப் பஞ்சர் ஒட்டுறேன். நீ காத்து பாக்காம வண்டி எடுத்து நான் பாத்ததில்ல. யாரைத் துரத்திக்கிட்டுப் போன?

— அக்கா, டயர்.

— டயரைத்தான் கேக்கிறேன். செல்ஃபோன் டவருக்கு டீசல் ஏத்துற வேலைன்னா உனக்கு என்ன டயர்னு கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தருவேன். ஆனா தம்பியை அடக்கம் பண்ணி ரெண்டு நாள்தான் ஆகுது. எவன் இன்னைக்கு உன்கிட்ட டீசல் கேட்டான்?

— டீசல் இல்ல. வேற சுமை.

— சரி, வேற சுமை. பாதை எது?

— டவர் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம். மூடிக்கிடக்கிற குவாரி வரைக்கும்.

— அங்க எவனும் போறதில்லையே.

— அதனாலதான் போறேன்.

— ம். அப்போ முதல்ல களிமண்ணு, அப்புறம் உருட்டுக்கல்லு, அதுக்கப்புறம் கத்தி மாதிரி உடைஞ்ச ஜல்லி. இதுக்கு முழுப் பட்டன் டயர் ஆகாது. சேத்துல நல்லாக் கடிக்கும், குவாரி ஜல்லில பட்டனைப் பல்லு பல்லாப் பிச்சுப் போட்டுடும். பாதி ரோடு பாதி காடு டயர் ஒண்ணு இருக்கு, அது களியில அப்பிக்கிட்டு வழுக்கும். எத்தனை நாள் உழைக்கணும்?

— ஒரு நாள். இன்னைக்கு மட்டும்.

— ஒரு நாளைக்குன்னு டயர் வாங்க வந்த முதல் ஆள் நீதான். சுமை எவ்வளவு? அதைச் சொன்னாத்தான் சைடு எவ்வளவு தடிமன் வேணும்னு பாக்க முடியும்.

— ரெண்டு ஆள் வெயிட்டு.

— போகும்போதும் வரும்போதுமா?

— போகும்போது ரெண்டு.

— வரும்போது?

— ஒண்ணு.

— பொறு. ஷட்டரை ஏன் இறக்கற?

— வெயில் அடிக்குது.

— வெயிலு அந்தப் பக்கம் அடிக்குது, பெரியவனே. சட்டைக்கையில என்ன அது? கிரீஸ்னு சொல்லாத. முப்பது வருஷமா கிரீஸைத் துடைச்சிட்டுத்தான் சோறு திங்கிறேன். கிரீஸு சிவப்பா இருக்காது.

— சக்கரத்தைக் கழட்டுங்கக்கா. கழட்டிக்கிட்டே கேளுங்க.

— கழட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ சொல்லு. பின்னாடி உக்காரப்போறது யாரு?

— மாப்ள.

— பாப்பாவோட புருஷனா?

— எனக்கு வேற எந்த மாப்ள? ஒரே தங்கச்சி, ஒரே மாப்ள. தம்பியும் ஒருத்தன்தான் இருந்தான். முடிஞ்சுது.

— சின்னவன் செத்தது விபத்துன்னு போலீஸ் எழுதிட்டாங்களே. மழையில, களிமேட்டுல, மாப்ள வண்டி சறுக்கி அவன் மேல ஏறிடுச்சுன்னு.

— அவங்க பூட்ஸ்ல சேறு ஒட்டக்கூடாதுன்னு மேட்டுக்குக் கீழயே நின்னு எழுதினாங்க. நான் மண்டி போட்டு அங்குலம் அங்குலமாப் பாத்தேன். பத்து வருஷமா அந்த மேட்டுல ஏறி இறங்குறேன். மாப்ள இறங்கி வரலைக்கா. ஏறிப் போயிருக்கான். கீழ கிடந்த என் தம்பி நெஞ்சு மேல ஏத்திக்கிட்டு மேல போயிருக்கான்.

— அதுல என்ன வித்தியாசம் உனக்கு?

— என்னக்கா கேள்வி இது? இறங்கும்போதுன்னா பிரேக் பிடிக்கலை, வழுக்கிடுச்சு, சரி, ஒத்துக்கலாம். மேட்டுல ஏறுறவன் ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி அப்படியே நின்னுடும். விடலை. முறுக்கியிருக்கான். கீழ ஒருத்தன் விழுந்து கிடக்கிறதைப் பாத்துக்கிட்டே முறுக்கியிருக்கான்.

— மாப்ள அப்படிப்பட்ட ஆள் இல்ல.

— இந்தக் கடை வாசல்ல, உங்க எதுக்கத்தானே சொன்னான்? சின்னவன் ஹெல்மெட்டால மூஞ்சில அடிச்சப்போ, "ஒரு நாளைக்கு உன் மேல வண்டியை ஏத்துறேன்டா பாரு"ன்னு. காதுல விழலையா உங்களுக்கு?

— விழுந்துச்சு. சின்னவன் அதுக்குச் சிரிச்சதும் விழுந்துச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடிச்சதையும் பாத்தேன். அதை நீ பாக்கலை, கல்லாவுல நின்னு ரசீது வாங்கிக்கிட்டிருந்த.

— டயரை எடுங்கக்கா.

— மாப்ள இப்ப எங்க?

— மேட்டடியில. சின்னவன் கிடந்த அதே எடத்துல. மரக்கட்டையில சேத்துக் கட்டிப் போட்டிருக்கேன்.

— உசுரோட?

— உசுரோடதான். பேசிக்கிட்டுத்தான் இருந்தான். காலையில இருந்து ஒரே பேச்சு, "இறங்கினேண்ணே, இறங்கினேண்ணே"ன்னு. உங்க டயர் கழட்டுற இரும்பு லிவர் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சுல்ல, போன வருஷம் குடுத்தீங்களே, நீளமானது. அதை வெச்சுத்தான் கேட்டேன்.

— என்ன கேட்ட?

— ஏறினியா இறங்கினியான்னு. இறங்கினேன்னான், ஒரு விரல். மறுபடி கேட்டேன். இறங்கினேன்னான், இன்னொண்ணு. முன்பல்லு ரெண்டும் போச்சு, அது நான் வேணும்னு செய்யலை, அவன் தலையைத் திருப்பிட்டான். கடைசில அவனே ஒத்துக்கிட்டான்.

— எத்தனாவது விரல்ல?

— அக்கா.

— எத்தனாவது விரல்லன்னு கேக்கிறேன்.

— நாலாவது.

— நாலு விரலை உடைச்சா நானே ஏறினேன்னு சொல்லுவேன், பெரியவனே. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

— இந்த எகத்தாளத்தை என்கிட்ட வெச்சுக்காதீங்க. உங்களை அக்கான்னு கூப்பிடுறேன், அதோட நிக்கிறேன். இப்ப நான் குத்தி உடைச்ச கல்லாக் கண்ணாடியோட போகட்டும்னு நினைச்சுக்குங்க.

— கண்ணாடி போனாப் போகட்டும். உன் கையில ரத்தம் ஊத்துது பாரு. இந்தா, துணியைச் சுத்திக்க. பாப்பாவுக்குத் தெரியுமா?

— அவதான் அங்க காவல். மாப்ள வண்டியும் அங்கதான் நிக்குது.

— அடப்பாவி. பொண்டாட்டியைக் காவல் வெச்சா வந்திருக்க?

— நான் வெக்கலை. அவளா வந்தா. அழவே இல்லக்கா அவ. தம்பி பொணத்தைப் பாத்தும் அழலை, அவளே தூக்கி வளத்த பயல். என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "ஏறினாரா, இறங்கினாரா?" மூணு தடவை கேட்டா. ஏறினான்னு சொன்னேன். அப்புறம் அவளே பக்கத்துல நின்னு, அவன் வாயாலயே சொன்னதைக் கேட்டுட்டா.

— அதுக்கு என்ன சொன்னா?

— நான் குவாரிக்குக் கூட்டிட்டுப் போறேன், பிரச்சினை முடிஞ்சுதுன்னேன். "நீ ஏன் உன் கையைக் கெடுத்துக்கற"ன்னா. அதோட சரி. டயரைப் போடுங்க. எந்த டயரா இருந்தாலும் யார் வண்டியிலயும் இல்லாத தடமா இருக்கணும்.

— ஓகோ. இவ்வளவு நேரம் என் கடை டயரை எல்லாம் ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாத்தது அதுக்கா. ஆழம் இல்ல, தடம். பொறு, ஒண்ணு சொல்லு. இறங்கலை, ஏறினான்னு எதை வெச்சுச் சொல்ற? மண்ணு எந்தப் பக்கம் சிதறியிருந்துச்சு?

— கீழ் பக்கம்.

— ஏறும்போது சக்கரம் சுத்தினா மண்ணு கீழ்ப் பக்கம் வாரி அடிக்கும். பிரேக் பிடிச்சு இறங்கினாலும் கீழ்ப் பக்கம்தான் தள்ளிக்கிட்டுப் போகும். இழுவல் இருந்துச்சா?

— ரெண்டு முழத்துக்கு.

— அதுவும் ரெண்டுக்கும் பொதுதான். சக்கரம் சுத்தினாலும் இழுக்கும், பிரேக்குல பூட்டிக்கிட்டாலும் இழுக்கும். முன் டயர் தடம்?

— பின் டயர் அது மேலயே போய் அழிச்சிருந்துச்சு. என்னை என்ன நேத்துப் பொறந்தவன்னு நினைச்சீங்களா? இதெல்லாம் நானும் யோசிச்சேன். பட்டன் தடம் சுத்தமா ஒரு எடத்துல பதிஞ்சிருந்துச்சு. சின்னவன் சட்டை மேலயும் அதே அச்சு. அந்த டயர் பட்டன் அம்பு மாதிரி வெச்சது, முனை எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம்தான் வண்டி போயிருக்கும். முனை மேட்டைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. என் பழைய டயர்தானே அது, எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷம் நான் ஓட்டின டயரு.

— பெரியவனே.

— என்ன?

— நீ கொஞ்சம் உக்காரு.

— உக்கார நேரமில்ல.

— கையில இருக்கிற அந்த லிவரைக் கீழ வை. வெச்சுட்டு உக்காரு. நான் சொல்றதைக் கேட்டுட்டு என்னை என்ன வேணா பண்ணிக்க. போன வாரம் நீங்க மூணு பேரும் வந்தீங்கல்ல. கடையில ஒரே ஒரு புது டயர்தான் இருந்துச்சு. மாப்ள வண்டி டயர்தான் துணி தெரியுற அளவுக்குத் தேஞ்சு கிடந்துச்சு. ஆனா நீ புதுசை உன் வண்டியில போடச் சொன்ன. உன்னோட பழசைக் கழட்டி மாப்ள வண்டிக்கு மாட்டச் சொன்ன.

— கான்ட்ராக்ட் என் பேர்ல இருக்கு. அதிகம் கேன் நான்தான் ஏத்துறேன்.

— குத்தம் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன். நீயும் சின்னவனும் ரசீது வாங்கிட்டு முன்னாடி கிளம்பிட்டீங்க. மாப்ள மட்டும் நின்னான். உன் பழைய டயரைக் கையில எடுத்துப் பாத்தேன். ஏத்தத்துல இழுத்து இழுத்து எல்லாப் பட்டனும் ஒரு பக்கம் மழுங்கிப்போயிருந்துச்சு, இன்னொரு பக்கம் விளிம்பு கூரா இருந்துச்சு. அப்படியே மாட்டினா டீசல் கேனோட அந்தக் களிமேட்டுல ஏறவே ஏறாது.

— அதனால?

— அதனால திருப்பி மாட்டினேன்.

— என்ன?

— அம்புக்குறி பின்னாடி பாக்குற மாதிரி, டயரைத் தலைகீழாத் திருப்பி மாட்டினேன். காட்டு வண்டிக்கு எல்லாரும் செய்றதுதான், நீயே உன் முதல் வண்டிக்கு என்கிட்ட செஞ்சு வாங்கியிருக்க. கூரா இருந்த விளிம்பு ஏறும்போது மண்ணைக் கடிக்கும். டயருக்கு இன்னும் ரெண்டு மாசம் உசுரு வரும்.

— பொய்.

— முனை மேட்டைப் பாத்துச்சுன்னா வண்டி கீழ வந்திருக்குன்னு அர்த்தம். மாப்ள இறங்கித்தான் வந்திருக்கான், பெரியவனே.

— அவனைக் காப்பாத்தக் கதை கட்டுறீங்க.

— கழுத்தை விடு. விடுடா. மூச்சு... எனக்குப் பேச வரலை.

— பொய்யின்னு சொல்லுங்க. சொல்லுங்கக்கா.

— கொன்னுட்டுக்கூடப் போ, அந்த டயர்ல அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்துட்டு வந்து கொல்லு. ரெண்டு வருஷம் ஓட்டின டயருன்னு சொன்னியே, தடத்தைப் பாத்த, சட்டையைப் பாத்த, டயரோட சைடைக் குனிஞ்சு பாத்தியா?

— இல்ல.

— ம்.

— பாக்கலை. என் டயர்னு தெரியும், அதனால பாக்கலை. நீங்க என்கிட்ட ஏன் சொல்லலை?

— மாப்ளதான் சொல்ல வேணாம்னான். "அண்ணன் குடுத்த டயரைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்க்கா, விட்டுருங்க"ன்னு. இன்னொண்ணையும் கேட்டுக்க. இது என்னைத் தின்னுக்கிட்டிருக்கு. திருப்பி மாட்டினா ஏத்தத்துல கடிக்கும், ஆனா மழுங்கின பக்கம் பிரேக்குக்கு வந்துடும். இறக்கத்துல பிடிக்காது. பாத்து இறங்குன்னு அவன்கிட்ட சொன்னேன். சரிக்கான்னு தலையை ஆட்டிட்டுப் போனான். அந்த மழையில அவன் பிரேக்கை மிதிச்சுத்தான் இருப்பான். நிக்காம வந்திருக்கும். சின்னவன் சாவுல பாதி என் கை, பாதி உன் டயர். மாப்ளைக்கு அதுல பங்கே இல்ல.

— அவன் ஏன் இதை என்கிட்ட சொல்லலை? நாலு விரலு போற வரைக்கும் டயரைத் திருப்பி மாட்டினாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே.

— தடத்தைப் பாத்துத்தான் கேக்குறேன்னு அவன்கிட்ட சொன்னியா?

— சொல்லலை. சொன்னாக் கதை கட்டிடுவான்னு...

— பின்ன அவனுக்கு எப்படித் தெரியும், நீ எதை வெச்சுக் கேக்குறன்னு?

— அக்கா, அவன் அழுதான்க்கா. "சின்னவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தாண்ணே செத்தான்"ன்னு அழுதான். அப்போதான் ரெண்டாவது விரலை... நான் என்ன பண்ணிட்டேன்? அந்தக் கையை வெச்சுத்தானே அவன் வண்டி ஓட்டணும்?

— விரலு ஒட்டும். எலும்பு டாக்டர் இருக்காரு. உசுரு இருக்குல்ல, அதைப் பாரு. பாப்பாவுக்கு ஃபோனைப் போடு, கட்டை அவுத்து விடச் சொல்லு, தண்ணி குடுக்கச் சொல்லு.

— ஃபோன் போகாது. மேட்டுல சிக்னல் செத்துக் கிடக்கு. டவர் ஜெனரேட்டர் நின்னு ரெண்டு நாளாச்சு.

— ஏன்?

— டீசல் ஏத்த யாருக்கா இருக்கா? நாங்க மூணு பேர்தானே.

— சரி, அழாத. எந்திரி. உன் சக்கரம் கழட்டிக் கிடக்கு, மாட்ட அரைமணி ஆகும். பஞ்சர் ஒட்டி முடிச்ச கஸ்டமர் மொபெட்டு ஒண்ணு வெளிய நிக்குது, சாவி ஆணியில தொங்குது. மேட்டடி வரைக்கும் ரோடுதான், போயிடும். நான் ஆட்டோ பிடிச்சுப் பின்னாடியே வர்றேன். ஷட்டரைத் தூக்கு.

— கால்ல விழுவேன்க்கா. அவன் என் மூஞ்சில காறித் துப்பட்டும். என் விரலையும் உடைக்கட்டும். பாப்பா முன்னாடியே உடைக்கட்டும்.

— உடைப்பான், உடைப்பான். முதல்ல போ. பொறு, சத்தம் கேக்குதா?

— மாப்ள வண்டி.

— அந்தச் சைலன்சர் ஓட்டைச் சத்தம் எனக்கும் தெரியும்.

— அவுத்துக்கிட்டான்க்கா. பாப்பா மனசு கேக்காம அவுத்து விட்டுட்டா. வந்துட்டான். கடவுளே, வந்துட்டான். விலகுங்க, ஷட்டர் இறுகிக்கிச்சு, ஒரு கை குடுங்க.

— பெரியவனே, ஓட்டிக்கிட்டு வர்றது பாப்பா.

— அவன் பின்னாடி உக்காந்திருப்பான். கை அப்படியிருக்க எப்படி ஓட்டுவான்? பின்னாடி இருப்பான், பாருங்க.

— பின்னாடி யாருமில்ல.

— பாப்பா. பாப்பா, மாப்ள எங்கம்மா? தண்ணி குடுத்தியா? நான் தப்புப் பண்ணிட்டேன் தங்கம், அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, வா, போவோம், வண்டியைத் திருப்பு.

— அக்கா, இந்தப் பின் டயரைக் கொஞ்சம் பாருங்களேன்.

— டயரு கிடக்கட்டும் கண்ணு. உன் வீட்டுக்காரரு எங்க?

— இல்லக்கா, பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை. நீ குவாரி வரைக்கும் போக வேணாம்ணா, நானே முடிச்சுட்டேன். நீ சொன்ன மாதிரியே, என் தம்பி மேல அவரு எப்படி ஏத்தினாரோ அப்படியே, கீழ இருந்து மேட்டுல ஏறித்தான் அவரு மேல விட்டேன். மேல போய் நின்னு திரும்பிப் பாத்தா, தடத்துல அம்பு முனை கீழ பாக்குது, இறங்கி வந்த மாதிரி விழுந்திருக்கு. அது எப்படிக்கா?